எல்லையோர ஊர்களுக்கு எந்த கார்ட்லெஸ் டிரில்?

பாஷா, மகிட்டாவா, டிவால்ட்டா என்று கேட்டால் யூடியூபில் பதில் கொட்டிக் கிடக்கிறது. மேசையில் நாலைந்து டிரில்லை வரிசையாக வைத்து, ஒரே கட்டையில் ஒரே அளவுத் திருகை ஏற்றி, எது முதலில் திணறுகிறது என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். பார்க்கச் சுவாரசியம்தான். ஆனால் அந்த வீடியோக்களில் தெரிவது புது டிரில்லின் பலம். பெட்டி பிரித்த அன்றைக்கு எல்லா டிரில்லும் நன்றாகத்தான் ஓடும். மூன்றாவது மழைக்காலத்தில் எது ஓடுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ பூப்பாறையிலோ வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனுக்கும் தகரக் கூரை போடுகிறவருக்கும் அந்த மார்க் பட்டியல் அரைக்கால்வாசிக்குக்கூட உதவாது. என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் ஒரு டிரில்லுக்கு நாம் கொடுக்கிற பெரிய விலை, அது பழுதாகிக் கிடக்கும் நாட்களில் கைவிட்டுப் போகிற கூலி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிராண்டைவிட பேட்டரியும், பேட்டரியைவிட அது கிடைக்கிற தூரமும் முன்னால் வந்து நிற்கின்றன.

கூலியிலிருந்தே தொடங்கலாம். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23ல் கேரளத்தின் ஊரகக் கட்டுமானத் தொழிலாளரின் சராசரி நாள் கூலி 852 ரூபாய் 50 காசு. நாட்டின் சராசரி 393 ரூபாய் 30 காசு. இரண்டு மடங்குக்கும் மேல். இது சராசரிதான்; சொந்தக் கருவியோடு வருகிற வயரிங்காரரும் அலுமினிய வேலைக்காரரும் இதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார்கள். வட இந்தியாவில் உட்கார்ந்து ‘இரண்டாயிரம் ரூபாய்க்கு அருமையான டிரில்’ என்று வீடியோ போடுகிறவரின் கணக்கு அவர் ஊரில் சரியாக இருக்கலாம். அங்கே கருவி ஒரு நாள் நின்றால் போவது நானூறு ரூபாய். நம் பக்கம் எண்ணூற்றைம்பது, கூட ஒரு ஹெல்ப்பர் இருந்தால் அவருக்கும் சேர்த்து. ஆகவே நீடித்து உழைக்கும் திறன் என்கிற ஒரே குணத்துக்கு கேரளத்தில் கூடுதல் மதிப்பு உண்டு. வாளையாறைத் தாண்டினதும் டிரில் மாறிவிடுவதில்லை. டிரில் நிற்பதால் வரும் நஷ்டம் மாறிவிடுகிறது.

கார்ட்லெஸ் எதற்கு, வயர் வைத்த டிரில்லே போதுமே என்கிற ஆட்சேபம் உடனே வரும். பாதி நியாயம் அதில் இருக்கிறது. வீட்டில் வருடத்துக்குப் பத்து ஓட்டை போடுகிறவர், திரைச்சீலைக் கம்பியும் சாமி படமும் மாட்டுகிறவர், தயவுசெய்து வயர் வைத்த 10 அல்லது 13 மில்லிமீட்டர் இம்பாக்ட் டிரில்லையே வாங்குங்கள். நல்ல கம்பெனியில் மூவாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், பேட்டரி செத்துப்போகிற கவலை இல்லை, பத்து வருடம் அலமாரியில் கிடந்தாலும் எடுத்தால் ஓடும். ஆனால் எல்லையோரத்து வேலைகளில் பெரும்பகுதி பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் நடக்கிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம், மழை மறைவுப் பூமி. சொட்டுநீர்ப் பாசனம் அங்கே பரவலாகிவிட்டது. பிவிசி குழாயை வாய்க்கால் ஓரம் கிடத்தி, இத்தனை அடிக்கு ஒன்று என்று வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ரப்பர் கிராமெட்டைச் செருகி, அதிலிருந்து பக்கக் குழாயை எடுக்க வேண்டும். ஓட்டை பிசிறில்லாமல் வட்டமாக விழாவிட்டால் கிராமெட் உட்காராது, தண்ணீர் கசியும். தென்னந்தோப்பின் நடுவில் இதற்காக முந்நூறு அடி வயர் இழுக்க முடியுமா? இடுக்கிப் பக்கம் வந்தால் ஏலக்காய் ஸ்டோரின் கூரை, யானைக்குப் போடுகிற சோலார் வேலிக் கம்பம், எஸ்டேட் லயத்தின் தகரம். மழை தூறும்போது தகரத்தின் மேல் ஏறி நின்று 230 வோல்ட் வயரைக் காலுக்குள் போட்டுக்கொண்டு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ அடிப்பது வீரம் இல்லை, ஆபத்து. கரண்ட் போவதும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் மலைமேல் எப்போது கரண்ட் வரும் என்று லைன்மேனாலும் சொல்ல முடியாது. பஞ்சாயத்தின் கடைசி டிரான்ஸ்பார்மருக்கும் கடைசியில் இருக்கிற வீட்டில் வோல்டேஜ் இறங்கினால் வயர் டிரில் முனகும். பேட்டரிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சரி, கார்ட்லெஸ் தேவை என்று ஆகிவிட்டது. பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? கடையில் 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், 48, 88, 98 வோல்ட் என்று ஏலம் போல எண்கள் ஏறிக்கொண்டே போகும். இதில் பெரும்பகுதி விளையாட்டு. பேட்டரிக்குள் இருப்பது விரல் பருமனில் உருளையான லித்தியம் அயான் செல்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்லை வரிசையில் இணைத்தால் சராசரிக் கணக்கில் 18, முழுச் சார்ஜில் 21. ஆக 18, 20, 21 எல்லாம் ஒரே ஐந்து செல்தான். டிவால்ட் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்பதை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது. அது போலவே மூன்று செல் என்றால் 10.8, பாஷ் தன் 10.8 வோல்ட் வரிசைக்கே பின்னால் 12 வோல்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதுவரைக்கும் கண்ணியமான விளம்பரம் என்று விட்டுவிடலாம். ஆனால் கையடக்கமான மலிவு டிரில்லில் ‘48 விஎஃப்’, ‘88 விஎஃப்’ என்று எழுதியிருக்கிறதே, அது பெயர்தான்; உள்ளே பிரித்தால் அதே ஐந்து செல். விஎஃப் என்ற இரண்டெழுத்தை ஒட்டிக்கொண்டால் வோல்ட் என்று சொல்லவில்லையே என்று தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

வோல்ட்டைவிட ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண்ணில்தான் கூசாமல் பொய் சொல்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு தராசு போதும். பரவலாகப் பயன்படும் செல்லின் பெயர் 18650: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் எடை 45 கிராமை ஒட்டி இருக்கும். டிரில்லுக்கான நல்ல செல்லில் 2 முதல் 3 ஏஎச் வரை கொள்ளும். எத்தனை சிறந்த செல்லானாலும் 3.5 ஏஎச்சைத் தாண்டினால் அதிசயம். அதனால் 4 ஏஎச் என்று சொல்கிற 18 வோல்ட் பேட்டரியில் இந்தச் செல் இரண்டு வரிசையாகப் பத்து இருக்க வேண்டும். செல் மட்டுமே 450 கிராம், மேலே கூடும் போர்டும் சேர்ந்தால் 600 கிராமை நெருங்க வேண்டும். கம்பெனி பேட்டரிகள் அப்படித்தான் நிறுக்கும். 6 ஏஎச் என்று தடித்த எழுத்தில் போட்டு, கையில் எடுத்தால் 350 கிராம் இருக்கிறது என்றால் உள்ளே ஐந்து செல்தான். அதுவும் லேப்டாப்பிலிருந்து உருவிய பழைய செல்லா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்போது 21700 என்று சற்றுப் பெரிய செல்லும் வருகிறது. அது தனியாக 70 கிராம் வரும், 4 முதல் 5 ஏஎச் கொள்ளும். எந்தச் செல்லானாலும் எடைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவு பெரிதாக மாறாது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

நம் பகுதிக்கென்று உள்ள சோதனை தட்பவெப்பம். பாலக்காடு கணவாய் வழியாக அடிக்கிற கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. நிழலில் அது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலும் ஜீப்பின் டேஷ்போர்டிலும் அதைவிடப் பல டிகிரி கூடுதல். லித்தியம் செல்லுக்கு மிகவும் ஆகாதது, முழுச் சார்ஜோடு சூட்டில் கிடப்பது. ஓட்டாமல் வைத்தாலே அதன் கொள்ளளவு குறைந்துகொண்டு வரும். மறுபக்கம் மூணாறு. ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லில் உறைபனி விழுகிறது. வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுக் கீழேயும் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் செல்லை ஓட்டலாம், சார்ஜ் போடக் கூடாது. போட்டால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்துவிடும், அது திரும்பி வராது. நல்ல கம்பெனி பேட்டரியில் வெப்பத்தை அளக்கிற சிறு உணரி ஒன்று இருக்கும். சார்ஜர் அதைப் படித்து, சூடானாலும் குளிர்ந்தாலும் சார்ஜ் ஏற்ற மறுத்து விளக்கைச் சிமிட்டும். ‘சார்ஜர் ரிப்பேர்’ என்று பலர் திட்டுவது உண்மையில் சார்ஜர் தன் வேலையைச் செய்வதைத்தான். மலிவுச் செட்டில் வருவது பழைய செல்போன் சார்ஜர் போல உருண்டை முனை கொண்ட அடாப்டர். இரண்டே கம்பி. பேட்டரி கொதிக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. கடையில் ஒரு நிமிடத்தில் கவனிக்கக்கூடிய வேறுபாடு இது: பேட்டரியைச் சார்ஜரின் மேல் சறுக்கிப் பொருத்துகிற இடத்தில் எத்தனை உலோகத் தகடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

பிராண்டுக்கு வருவோம். பாஷ், மகிட்டா, டிவால்ட் மூன்றும் நல்ல டிரில் செய்கின்றன. இதில் ஒன்று மற்றொன்றை அடித்துப்போட்டுவிடும் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. முறுக்குவிசையில் பாஷின் 12 வோல்ட் ஜிஎஸ்பி 120-எல்ஐ 30 நியூட்டன் மீட்டர் என்கிறது; 18 வோல்ட்டில் பாஷின் ஜிஎஸ்பி 18வி-50ம் மகிட்டாவின் டிஎச்பி485ம் 50, டிவால்ட்டின் டிசிடி778 65. வயரிங், தகரம், அலுமினியம், பிளைவுட் வேலைக்கு ஐம்பதே தாராளம். வேறுபாடு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது: ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே ஒன்றோடொன்று சேராத பேட்டரிக் குடும்பங்கள். மகிட்டா 2005ல் கொண்டுவந்த 18 வோல்ட் எல்எக்ஸ்டி பேட்டரி வடிவத்தை இன்றும் மாற்றவில்லை. இருபது வருடம் பழைய டிரில்லுக்கும் புதுப் பேட்டரி கிடைக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. அதே மகிட்டாவில் ஜி வரிசை என்று குறைந்த விலையில் இன்னொரு 18 வோல்ட் இருக்கிறது. எச்பி488 அந்த வகை. அதன் பேட்டரி எல்எக்ஸ்டியில் பொருந்தாது, எல்எக்ஸ்டி பேட்டரி அதில் பொருந்தாது. நிறமும் பெயரும் ஒன்றாக இருப்பதால் வாங்குகிறவர் கவனிப்பதில்லை. பாஷில் நீலம் தொழிலாளிக்கு, பச்சை வீட்டுக்கு. இரண்டின் 18 வோல்ட் பேட்டரிகளும் மாறிப் பொருந்தா. ஸ்டான்லியும் டிவால்ட்டும் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள், பேட்டரியில் பங்காளிச் சண்டை. ஹிட்டாச்சி கோக்கி 2018ல் ஹைகோகி ஆன பிறகும் பழைய சறுக்கு வடிவத்தைக் கைவிடவில்லை. அதன் மல்டி வோல்ட் பேட்டரி 36 வோல்ட் கருவியிலும் 18 வோல்ட் கருவியிலும் ஓடும், நல்ல யோசனை. ஆனால் எல்லையோரக் கடைகளில் அதைக் கண்ணில் காண்பதே அரிது.

இன்கோ, டோட்டல், டாங்செங் போன்ற நடுத்தரச் சீன பிராண்டுகளை மலிவுச் செட்டோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டுவது அநியாயம். அவற்றுக்கு ஒழுங்கான பேட்டரி வரிசை உண்டு, சார்ஜர் ஒழுங்கு, டீலர் உண்டு. விலை மூன்று பெரிய கம்பெனிகளில் பாதியை ஒட்டி. தினமும் இல்லாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓட்டுகிற தோட்டக்காரருக்கும் ஹோம்ஸ்டே பராமரிப்பாளருக்கும் இவை போதும் என்றே நினைக்கிறேன். ஒரே நிபந்தனை, அந்த டீலர் இரண்டு வருடம் கழித்தும் அதே பேட்டரியை வைத்திருப்பாரா என்பது. நெடுங்கண்டத்தில் இன்று ஒரு பிராண்டை வைத்து விற்கிற கடை நாளை வேறொன்றுக்கு மாறினால் கையில் இருக்கிற டிரில் அனாதை.

மோட்டார் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே என் கருத்துக்கு எதிரான வாதம் வலுவானது. பழைய வகை மோட்டாரில் இரண்டு கார்பன் பிரஷ் ஆர்மேச்சரின் செப்புப் பட்டையில் உரசிக்கொண்டே கரண்டைக் கடத்தும். உரசலில் சூடு, தீப்பொறி, தேய்மானம். பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் சுழல்கிறது, வைண்டிங் அசையாமல் நிற்கிறது, எந்த வைண்டிங்குக்கு எப்போது கரண்ட் என்பதை ஒரு போர்டு முடிவு செய்கிறது. உரச எதுவும் இல்லை. அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், சூடு குறைவு. தினசரி வேலைக்கு இதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, கார்பன் தேய்ந்தால் போடியிலோ சித்தூரிலோ எந்த வைண்டிங் கடையிலும் சில பத்து ரூபாய்க்குக் கார்பன் மாற்றி அரை மணியில் கையில் கொடுத்துவிடுவார்கள். பிரஷ்லெஸ் போர்டு போனால் அந்தக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார், சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் போர்டையே மாற்ற வேண்டும், செலவு டிரில்லின் விலையில் கணிசமான பங்கு. பழுதாகி நிற்கும் நாட்கள்தான் அளவுகோல் என்றால், பழுது பார்க்க எளிதான பழைய மோட்டார்தானே சிறந்தது? மறையூருக்கும் காந்தல்லூருக்கும் இந்த வாதம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குப் பிரஷ்லெஸ் என்றே சொல்வேன். காரணம் மோட்டாருக்காக அல்ல, பேட்டரிக்காக. குறைவான கரண்ட் இழுப்பதால் செல் சூடாவது குறைகிறது, ஒரே வேலைக்குச் சார்ஜ் போடுகிற தடவையும் குறைகிறது. கார்பன் அற்ப விலைக்குக் கிடைக்கிற பொருள், பேட்டரி மூவாயிரம் நாலாயிரம் போகிற பொருள். தேய்வது எது என்று பார்த்தால் முடிவு எளிது. எப்போதாவது எடுத்து ஓட்டுகிறவருக்குப் பழைய கார்பன் மோட்டாரே சரி. சில ஆயிரம் மிச்சம் பிடித்து இரண்டாவது பேட்டரிக்குப் போடலாம்.

கியர், சக், கிளட்ச் பற்றி நீட்ட விரும்பவில்லை. கடையிலேயே பார்த்துவிடலாம். நேரான 3 மில்லிமீட்டர் பிட் ஒன்றைச் சக்கில் மாட்டி மெதுவாகச் சுழற்றுங்கள். பிட்டின் முனை ஒரே புள்ளியில் நிற்க வேண்டும், வட்டம் வரைந்தால் வேண்டாம். அப்படிப்பட்ட டிரில்லில் கிராமெட் ஓட்டை வட்டமாக விழாது, மெல்லிய பிட் ஒடிந்துகொண்டே இருக்கும். டிரிகரை விட்டதும் சக் டக்கென்று நிற்க வேண்டும். கிளட்ச்சை ஒன்றில் வைத்துக் கட்டையில் திருகு ஏற்றினால் கடகடவென்று நழுவ வேண்டும். நழுவாமல் இறுக்கிக்கொண்டே போனால் அந்த எண்கள் அலங்காரத்துக்கு. இடுக்கி ஈரத்தில் சக்கின் தாடைகள் துருப்பிடிப்பது எந்தக் கம்பெனிக்கும் பொது; வேலை முடிந்து துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: சுத்தியல் படம் போட்ட கார்ட்லெஸ் டிரில் செங்கல்லுக்கும் சிமென்ட் பிளாக்குக்கும் ஆகும். கான்கிரீட் பீமுக்கும் கருங்கல்லுக்கும் எஸ்டிஎஸ் பிட் போடுகிற ரோட்டரி ஹேமர் வேண்டும். டிரில் புகைந்துபோனது என்று வருகிற புகார்களில் பல, கருங்கல்லில் அதை வைத்து அழுத்தியதால் வருபவை.

இப்போது பெரிய ஆட்சேபம். ‘பன்னிரண்டாயிரம் போட்டு ஒன்று வாங்குவதற்குப் பதில் இரண்டாயிரத்தைந்நூறில் ஐந்து வாங்கலாமே, ஒன்று போனால் இன்னொன்று.’ கணக்குப் போட்டே பார்க்கலாம். விலைகள் கடைக்குக் கடை மாறும், தோராயமாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேட்டரியோடு ஒரு 18 வோல்ட் பிரஷ்லெஸ் செட்டு 13,000. ஐந்து வருடம் ஓடுகிறது, இடையில் ஒரு பேட்டரி 4,000க்கு மாற்றுகிறோம். மொத்தம் 17,000, வருடத்துக்கு 3,400. மலிவுச் செட்டு 2,500, தினசரி வேலையில் ஒரு வருடம் தாங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,500. ஆக மலிவில் வருடத்துக்கு 900 ரூபாய் மிச்சம். காகிதத்தில் அவர்கள் சொல்வது சரிதான். இதை மறுத்துப் பேசுகிற விற்பனைக்காரர்கள் பொய் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வருடத்தில் ஒரே ஒரு நாள் பாதி வேலையில் டிரில் நின்றுபோனால் போகிற கூலி 852. மிச்சம் ஏறத்தாழ அங்கேயே தீர்ந்தது. மலிவுச் செட்டு சொல்லிவிட்டுச் சாவதில்லை. கூரையின் மேல் இருக்கும்போது, கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது சாகும். நாள் கூலி நானூறு உள்ள ஊரில் இரண்டு நாள் நின்றாலும் கணக்கு ஏறத்தாழ சமமாகவே இருக்கும், அங்கே மலிவை வாங்குகிறவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். கேரளத்தில் அந்த வசதி இல்லை.

‘பெரிய கம்பெனிக்காரனும் சீனாவில்தானே செய்கிறான்?’ செய்கிறான். பாஷ் கார்ட்லெஸ் கருவிகள் சீனத்தின் ஹாங்சோவிலும் மலேசியாவின் பினாங்கிலும் தயாராகின்றன, மகிட்டாவுக்குச் சீனத்தில் குன்ஷான் ஆலை இருக்கிறது. எந்த நாட்டில் முடுக்கினார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்தச் செல்லைப் போட்டார்கள், ஐந்து வருடம் கழித்து ஸ்பேர் கொடுப்பார்களா என்பதில்தான் பணம் போகிறது. பெயரில் ஓரெழுத்து மாற்றி, நிறத்தை அப்படியே வைத்து வருகிற டூப்ளிகேட்டுகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மகிட்டாவின் பச்சை நீலத்திலும் டிவால்ட்டின் மஞ்சளிலும் அவை நிறையவே உலவுகின்றன. ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் தராத இடத்தில் கம்பெனி டிரில் வாங்காதீர்கள். வாரன்டி என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது பேட்டரிக்கும் உண்டா, எத்தனை மாதத்துக்கு என்று தனியாகக் கேளுங்கள்; சக், கார்பன் போன்ற தேய்மானப் பொருட்களுக்குப் பொதுவாகக் கிடையாது.

கடைசியாகத் தூரம். 2017 ஜூலை 1க்கு முன்னால் வாளையாறு, மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் வரிக் கணக்கு வேறு, இருபுறமும் விலை வேறு. ஜிஎஸ்டி வந்த பிறகு டிரில்லுக்கு இரு மாநிலத்திலும் ஒரே 18 சதவீதம். அதனால் தமிழ்நாட்டில் வாங்கினால் வரி மிச்சம் என்ற பழைய பேச்சு செத்துவிட்டது. ஆனால் சர்வீஸுக்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் பார்ப்பதில் இன்னும் அர்த்தம் இருக்கிறது. வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் மக்களுக்குப் பாலக்காட்டைப் போலவே கோவையும் பொள்ளாச்சியும் எட்டுகிற தூரம். பம்பும் மோட்டாரும் செய்கிற கோவையில் பெரிய பிராண்டு எதற்கும் ஸ்பேர் கிடைக்காமல் போவது அபூர்வம். இவர்களுக்கு மூன்றில் எதை வாங்கினாலும் ஒன்றுதான். இடுக்கியில் கதை வேறு. மறையூர்க்காரருக்கு சின்னார் வழியாக உடுமலை, குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும், சூரியநெல்லிக்காரருக்குப் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போடி. மழையில் மண் சரிந்து சாலை மூடினால் அதுவும் சுற்று வழி. எர்ணாகுளம் இன்னும் தூரம். இங்கே பாஷா மகிட்டாவா என்று முடிவு செய்ய வேண்டியது முறுக்குவிசை எண் அல்ல. தேனியிலோ உடுமலையிலோ எந்தக் கம்பெனிக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஆள் இருக்கிறார் என்பதுதான். அதோடு மலைமேல் இருப்பவருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு பேட்டரி கட்டாயம். ஒற்றைப் பேட்டரி செட்டை ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டுக்கு வயர் டிரில். சொட்டுநீர்க் குழாய், ஸ்டோர், ஹோம்ஸ்டே சில்லறை வேலைக்கு 12 வோல்ட் பாஷ் அல்லது டீலர் நிலையாக இருக்கிற ஒரு நடுத்தர 20 வோல்ட் செட்டு. கூலிக்கு இதையே நம்பி இருப்பவருக்கு 18 வோல்ட் பிரஷ்லெஸ். சமவெளியில் மூன்றில் எது சலுகையில் கிடைக்கிறதோ அது, மலையில் சர்வீஸ் எதற்கு அருகில் இருக்கிறதோ அது. இரண்டும் சமமாக இருந்தால் மகிட்டா எல்எக்ஸ்டி பக்கம் சாய்வேன், அந்தப் பேட்டரி வடிவம் இத்தனை வருடம் மாறாமல் இருப்பதால். 48 விஎஃப், 88 விஎஃப் எதுவும் எதற்கும் வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். மாடல் நம்பரைச் சொல்லி, அதற்குத் தனிப் பேட்டரி இன்றைக்குக் கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன என்று மட்டும் கேளுங்கள். உடனே விலை சொன்னால் வாங்குங்கள். ‘ஆர்டர் போட்டுத்தான் வர வைக்கணும், எப்ப வரும்னு தெரியாது’ என்றால் வேறு மாடலைப் பாருங்கள்.